பிரெஞ்சு சிவப்பு ஒயினின் தலைசிறந்த ஆண்டுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயர்தரப் பிரெஞ்சு சிவப்பு ஒயினை வாங்கத் தொடங்கியவர்களும், நல்ல பாட்டில் ஒன்றைப் பரிசாகப் பெற்று எப்போது திறப்பது என்று தெரியாமல் வைத்திருப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்களில் பெரும்பகுதி பிரான்சின் தென்மேற்கிலுள்ள போர்தோவைப் பற்றியது. விளைச்சல் ஆண்டு என்ற பேச்சு மிக அதிகமாக அடிபடுவது அந்த வட்டாரத்தில்தான். பர்கண்டிக்கும் ரோன் பள்ளத்தாக்குக்கும் தனியே ஒரு பதில் உண்டு.

பாட்டிலில் அச்சிட்டிருக்கும் ஆண்டு எதைக் குறிக்கிறது?

திராட்சை பறிக்கப்பட்ட ஆண்டைக் குறிக்கிறது. 2016 என்று போட்டிருக்கும் ஒரு உயர்தரப் போர்தோ ஒயின், அந்த ஆண்டின் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் பறித்த பழத்திலிருந்து வந்தது. ஓக் பீப்பாயில் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு கிடந்து, 2018இல்தான் பாட்டிலுக்குள் போயிருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி, ஆண்டைக் குறிப்பிட வேண்டுமானால் குறைந்தது 85 விழுக்காடு பழமாவது அந்த ஆண்டில் விளைந்திருக்க வேண்டும். பெயர்பெற்ற தோட்டங்களில் முழுவதுமே அந்த ஆண்டின் பழமாக இருப்பதுதான் வழக்கம்.

அதே நிலம், அதே கொடி. பிறகு ஏன் ஆண்டுக்கு ஆண்டு இவ்வளவு வேறுபாடு?

போர்தோ அட்லாண்டிக் கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கடல் அங்கே குளிரையும் வெயிலையும் மட்டுப்படுத்துகிறது. ஆனால் எந்த மாதத்திலும் மழையைக் கொண்டுவந்து கொட்டவும் செய்கிறது. கபர்னே சோவிஞ்ஞோன் என்ற திராட்சை முழுதாகப் பழுப்பதற்குத் தேவையான வெப்பம் அங்கே சில ஆண்டுகளில் தாராளமாகக் கிடைக்கும், சில ஆண்டுகளில் மயிரிழையில் போதுமானதாக இருக்கும், சில ஆண்டுகளில் கிடைக்கவே கிடைக்காது. ஆண்டு முழுவதும் வெயில் நிச்சயமாக இருக்கும் நாடுகளில் விளைச்சல் ஆண்டைப் பற்றி இவ்வளவு பேச்சு எழுவதில்லை. பழம் பழுக்குமா பழுக்காதா என்ற எல்லைக்கோட்டில் பயிரிடப்படுவதால்தான் போர்தோவிலும் பர்கண்டியிலும் ஆண்டு என்பது ஒயினின் பெயரில் பாதியாகிவிட்டது.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பெயர்பெற்ற பிரெஞ்சு வட்டாரங்களில் கொடிகளுக்கு நீர் பாய்ச்சுவதைச் சட்டம் மிகவும் கட்டுப்படுத்தியிருக்கிறது. வானம் கொடுத்ததுதான் கொடிக்கு; குறைந்தாலும் மிகுந்தாலும் அது ஒயினில் தெரிந்துவிடும்.

ஓர் ஆண்டைச் சிறந்த ஆண்டு என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

போர்தோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த தெனி துபூர்தியூ இதற்கு ஐந்து நிபந்தனைகளைச் சொன்னார். ஒவ்வோர் ஆண்டையும் அந்த ஐந்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது இன்று போர்தோவில் பழக்கமாகிவிட்டது. அவை கொடியின் ஓராண்டு வாழ்க்கையைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை பின்தொடர்கின்றன என்பதால், கதையாகவே சொல்லிவிடலாம்.

ஜூன் மாதத் தொடக்கத்தில் கொடி பூக்கிறது. திராட்சைப் பூ இதழ் விரித்து நிற்கும் பூ அன்று. பச்சை நிறத்தில் குண்டூசித் தலை அளவே இருக்கும். அந்த நாட்களில் குளிரோ மழையோ வந்தால் பூ உதிர்ந்துவிடும், அல்லது ஒரே கொத்தில் சில காய்கள் பெருத்தும் சில கடுகளவிலேயே நின்றும் போகும். எனவே பூப்பதும் காய் பிடிப்பதும் விரைவாக, ஒரே சீராக நடந்து முடிய வேண்டும். முதல் இரண்டு நிபந்தனைகளும் இதைப் பற்றியவை. மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. ஜூலையில் மழை குறைந்து, நிலம் படிப்படியாகக் காய்ந்து, ஆகஸ்டுக்குள் கொடி தன் தளிர் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ள வேண்டும். தண்ணீர் தாராளமாகக் கிடைக்கும் கொடி இலையும் தண்டுமாக வளர்ந்துகொண்டே போகும்; தாகம் எடுத்த கொடிதான் வளர்ச்சியை விட்டுவிட்டுத் தன் சத்தைப் பழத்துக்கு அனுப்பும். காய் கறுக்கத் தொடங்குவதற்கு முன்பே அந்தத் தாகம் வந்துவிட வேண்டும். நான்காவது நிபந்தனை, ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் இலைகள் வாடிக் கருகாமல் வேலை செய்து பழத்தை முழுமையாகப் பழுக்கவைப்பது. ஐந்தாவது, பறிக்கும் நாட்களில் பெருமழை பெய்து பழம் நீர்த்துப்போகாமலும் அழுகாமலும் இருப்பது.

ஐந்தும் கூடிவந்த ஆண்டுதான் தலைசிறந்த ஆண்டு. ஒவ்வோர் ஆண்டின் வானிலைக் குறிப்பையும் புரட்டும்போது எனக்குத் திரும்பத் திரும்பத் தென்படுவது அந்த மூன்றாவது நிபந்தனைதான்: அளவான தாகம், சரியான நேரத்தில்.

அப்படியானால் வெயில் கொளுத்திய ஆண்டுகள் எல்லாம் சிறந்த ஆண்டுகளா?

அப்படிச் சொல்ல முடியாது. 2003 ஆகஸ்டில் பிரான்சைத் தாக்கிய வெப்ப அலையில் ஏறத்தாழ 15,000 பேர் இறந்தார்கள். தோட்டங்களில் இலைகள் கருகின. கடும் வெப்பத்தில் கொடி இலைத்துளைகளை மூடிக்கொண்டு வேலையை நிறுத்திவிட்டதால், சர்க்கரை ஏறிய பழத்திலும் தோலும் விதையும் பழுக்காமல் நின்றன. புளிப்பு குறைந்து, உலர்ந்த பழத்தின் வாசனையோடு வந்த பல ஒயின்கள் விரைவிலேயே சோர்ந்துவிட்டன. ஆனால் போர்தோவின் மெதோக் பகுதியில், வடக்கே சான்த் எஸ்தேஃப் கிராமத்தில், நீரைப் பிடித்துவைக்கும் களிமண் கலந்த நிலங்களில், அதே ஆண்டில் மிக நல்ல ஒயின்கள் பிறந்தன. மோன்ரோஸ் தோட்டம் அதற்குச் சான்று.

2003ஐப் பற்றிய கருத்து வேறுபாடு ஒயின் உலகில் பெரிய வழக்காகவே மாறியது. சான்த் எமிலியோனைச் சேர்ந்த பவீ தோட்டத்தின் ஒயினை அமெரிக்க விமர்சகர் ராபர்ட் பார்க்கர் மிக உயர்வாகப் புகழ்ந்தார். பிரிட்டிஷ் விமர்சகர் ஜான்சிஸ் ராபின்சன் அதே ஒயினுக்கு 20க்கு 12 மட்டுமே கொடுத்தார். முழுதாகப் பழுத்த ஒயின் எங்கே முடிகிறது, மிஞ்சிப் பழுத்தது எங்கே தொடங்குகிறது என்ற கேள்விக்கு இருவரும் வெவ்வேறு விடை வைத்திருந்தார்கள். என் நாக்கு ராபின்சன் பக்கம்தான் சாய்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் மிகச் சிறந்த ஆண்டுகள் எவை?

1945, 1947, 1959, 1961, 1982, 1990 என்ற ஆறையும் ஏறக்குறைய எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். அவற்றில் முதல் நான்கைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த நான்கும் ஒன்றைப் போல் ஒன்று இல்லை.

1945 மே மாதத் தொடக்கத்தில், போர் முடியும் நாட்களில், உறைபனி விழுந்து தளிர்களைக் கருக்கியது. எஞ்சிய கொத்துகள் மிகக் குறைவு. அதன் பின் வந்த கோடை கடும் வறட்சி. குறைந்த பழத்தில் கொடியின் சத்து முழுவதும் இறங்கியதால், அந்த ஒயின்கள் இளமையில் வாயில் வைக்க முடியாத அளவுக்குத் துவர்ப்போடு இருந்து, பல பத்தாண்டுகள் கழித்தே திறந்துகொண்டன. மூத்தோன் ரோத்ஷீல்ட் தோட்டம் அந்த ஆண்டின் பாட்டிலில் ஒட்டும் சீட்டில் ‘வெற்றியின் ஆண்டு’ என்று பிரெஞ்சில் எழுதி, வெற்றியைக் குறிக்கும் ‘V’ என்ற பெரிய எழுத்தை இலைமாலை சூழ வரைந்துவைத்தது. வரைந்தவர் பிலிப் ஜூலியான் என்ற இளம் ஓவியர். ஒவ்வோர் ஆண்டுச் சீட்டுக்கும் ஓர் ஓவியரை அழைக்கும் வழக்கம் அந்தத் தோட்டத்தில் அதிலிருந்துதான் நிலைபெற்றது. தோட்டத்தின் பெயரைப் படிக்கும் முன்பே அந்தச் சீட்டில் கண் போய் நிற்பது அந்த ஓர் எழுத்தில்தான்.

1947 வேறு வகை. பறிப்பு நாட்களிலும் வெயில் தணியவில்லை. தொட்டிகளில் நொதிக்கும் சாறு கொதிநிலைக்குப் போவதுபோலச் சூடேறியது. குளிரூட்டும் கருவிகள் இல்லாத காலம் என்பதால் பனிக்கட்டியை வரவழைத்துச் சமாளித்தார்கள். தோர்தோஞ் ஆற்றின் வலது கரையிலுள்ள ஷெவால் பிளான் தோட்டத்தில் நொதித்தல் பாதியில் தடைப்பட்டு, ஒயினில் சிறிது சர்க்கரை தங்கிவிட்டது; வினிகர் வாடை தரும் ஆவியாகும் அமிலமும் கூடுதல். இன்றைய ஆய்வுக்கூடத்தில் குறை என்று எழுதிக் கொடுத்துவிடக்கூடிய அந்த ஒயினைத்தான் போர்தோவின் மிகப் பெரிய ஒயின்களில் ஒன்றாக உலகம் கொண்டாடுகிறது.

1959 வெப்பமும் விளைச்சலும் மிகுந்த ஆண்டு. புளிப்பு போதாது, நீண்ட நாள் நிற்காது என்று அப்போதே சிலர் சொன்னார்கள், ஆனால் நன்றாகவே நின்றது. 1961இல் பூக்கும் காலத்துக் குளிரும் மே மாத இறுதி உறைபனியும் சேர்ந்து பெரும்பகுதிப் பூவை உதிர்த்துவிட்டன. பிறகு ஆகஸ்டும் செப்டம்பரும் காய்ந்து கிடந்தன. 1945ஐப் போலவே இயற்கையே கொத்துகளைக் கழித்துவிட்ட ஆண்டு அது. இன்று நல்ல தோட்டங்கள் கோடையில் பச்சைக் காய்க் கொத்துகளை வெட்டித் தரையில் போடுவது, அந்த ஆண்டுகளில் உறைபனி செய்த வேலையைக் கத்தரிக்கோலால் செய்வதுதான்.

1982ஐப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

ஒயினும் சிறப்பு, அதைப் பற்றிய தீர்ப்பும் ஒரு திருப்பம். 1982இல் பழம் நன்றாகப் பழுத்தது, விளைச்சலும் நிறைய. 1983 வசந்தத்தில் பீப்பாயிலிருந்து சுவைத்துப் பார்த்த விமர்சகர்கள் சிலர், இவ்வளவு மென்மையாகவும் புளிப்புக் குறைந்தும் இருக்கும் ஒயின் நீண்ட நாள் தாங்காது என்று ஐயப்பட்டார்கள். வழக்கறிஞராக இருந்து, தம் சொந்தச் செய்திமடலில் ஒயின்களுக்கு 100 புள்ளிக் கணக்கில் மதிப்பெண் போட்டுவந்த ராபர்ட் பார்க்கர், அது மாபெரும் ஆண்டு என்று உறுதியாக எழுதினார். அவர் சொன்னது சரியாயிற்று. அமெரிக்கர்கள் போர்தோவைப் பெருமளவில் வாங்கத் தொடங்கியதும், ஒரு விமர்சகரின் புள்ளி விலையைத் தீர்மானிக்கத் தொடங்கியதும் அந்த ஆண்டிலிருந்துதான். அந்தப் பழக்கம் ஒயினுக்கு நன்மையும் செய்தது, தீமையும் செய்தது. மென்மையாகவும் அடர்த்தியாகவும் இருந்தால் புள்ளி கூடும் என்று தெரிந்தபின், பல தோட்டங்கள் தங்கள் இயல்பை விட்டு அந்தப் பக்கம் சாய்ந்தன.

2000க்குப் பிறகு எந்த ஆண்டுகளைத் தேடி வாங்கலாம்?

2000, 2005, 2009, 2010, 2016. இவற்றில் 2009, 2010 இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சுவைத்தால் ‘சிறந்த ஆண்டு’ என்ற சொல்லுக்குள் எத்தனை குணங்கள் அடங்கும் என்பது புரியும். 2009 வெயிலும் இனிய பழமும் நிறைந்தது; துவர்ப்பு பட்டுப்போல் இறங்கும், இளமையிலேயே குடிக்கத் தூண்டும். 2010இல் வறட்சி அதைவிடக் கடுமை, ஆனால் இரவுகள் குளிர்ந்திருந்தன. அதனால் புளிப்பும் துவர்ப்பும் பழமும் மூன்றும் உச்சத்தில் நிற்கின்றன. 2009ஐ இப்போதே திறக்கலாம். 2010இன் பெரிய தோட்டங்களை இன்னும் காத்திருந்து திறப்பதே அந்த ஒயினுக்குச் செய்யும் மரியாதை.

2016ஐ நான் மிகவும் மதிக்கிறேன். ஜூன் வரை ஓயாத மழை. கோடை முழுவதும் ஏறக்குறைய மழையே இல்லை. வேர்களுக்குக் கீழே வசந்த கால ஈரம் இருந்ததால் கொடி தாகம் கொண்டதே தவிர வாடவில்லை. கொடிகள் களைக்கத் தொடங்கிய நேரத்தில், செப்டம்பர் நடுவில் ஒரு மழை வந்து பழத்தைத் தேற்றியது. விளைச்சல் நிறைய, மது அளவு மிதம், புத்துணர்ச்சி குன்றாத சுவை. இளைய சேகரிப்பாளர் ஒருவர் ஒரே ஓர் ஆண்டில் பணம் போட விரும்பினால், தயங்காமல் இதைச் சொல்வேன்.

போர்தோ முழுவதற்கும் ஒரே மதிப்பெண் போதுமா?

போதாது. ஜிரோந்த் கழிமுகத்துக்கும் கரோன் ஆற்றுக்கும் இடப்புறம் உள்ள மெதோக், கிராவ் பகுதிகள் சரளைக்கல் நிலம். அங்கே கபர்னே சோவிஞ்ஞோன் ஆட்சி செய்கிறது, அது தாமதமாகப் பழுக்கும். தோர்தோஞ் ஆற்றின் வலப்புறம் உள்ள சான்த் எமிலியோன், பொமரோல் பகுதிகளில் களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும். அங்கே முன்னதாகப் பழுக்கும் மெர்லோ என்ற திராட்சை மிகுதி. மழை எந்த வாரத்தில் வந்தது என்பதைப் பொறுத்து ஒரு கரை தப்பும், மறுகரை நனையும். 1998இல் மெர்லோ மழைக்கு முன் கூடைக்கு வந்துவிட்டதால் வலது கரைக்குப் பொன்னான ஆண்டு. 1996இல் தாமதமாகப் பறித்த கபர்னே சிறந்ததால் இடது கரை ஓங்கியது. கடைகளில் கிடைக்கும் ஆண்டு அட்டவணைகள் இரண்டையும் ஒரே கட்டத்தில் அடைத்தால் அவற்றை நம்பாதீர்கள்.

பர்கண்டிக்கும் ரோனுக்கும் இதே ஆண்டுகள்தானா?

சில பொருந்தும், சில பொருந்தா. பர்கண்டியில் பினோ நுவார் என்ற மென்மையான தோல் கொண்ட திராட்சை மட்டுமே சிவப்பு ஒயினின் அடிப்படை. போர்தோவில் ஒரு வகை தோற்றால் இன்னொரு வகையைக் கூட்டிக் கலவையைச் சரிசெய்யலாம். பர்கண்டியில் அந்த வழி இல்லை. அங்கே 1978, 1990, 1999, 2005, 2010, 2015 ஆகியவை பேர்பெற்றவை. 1978 குளிர்ந்த கோடைக்குப் பிறகு இலையுதிர்காலத்தின் நல்ல வெயிலால் காப்பாற்றப்பட்டது. ரொமானே-கோந்தி நிலத்தில் 1945இல் ஏறத்தாழ 600 பாட்டில்களே கிடைத்தன. ஒட்டுப்போடாத பழைய கொடிகளின் கடைசி விளைச்சல் அது, பறிப்பு முடிந்ததும் கொடிகளைப் பிடுங்கிவிட்டார்கள். 2018இல் நியூயார்க் ஏலத்தில் அதன் ஒரு பாட்டில் 5,58,000 டாலருக்குப் போனது.

ரோன் பள்ளத்தாக்கின் வடபகுதியில் சிரா, தென்பகுதியில் கிரனாஷ் என்ற திராட்சைகள் முதன்மை. 1961இன் எர்மிதாஜ் லா ஷப்பெல் என்ற வட ரோன் ஒயினைப் போர்தோவின் எந்தப் பெயரோடும் தயங்காமல் நிறுத்தலாம். 1978, 1990, 2010 இரு பகுதிகளுக்குமே சிறந்தவை.

மோசமான ஆண்டில் நல்ல ஒயின் கிடைக்கவே கிடைக்காதா?

கிடைக்கும், நல்ல தோட்டக்காரர் இழப்பைத் தாங்கத் தயாராக இருந்தால். 1991 ஏப்ரலில் விழுந்த உறைபனி வலது கரையைச் சூறையாடியது. பொமரோலின் புகழ்பெற்ற பெத்ரூஸ் தோட்டம் அந்த ஆண்டு தன் பெயரில் ஒயினே வெளியிடவில்லை. பெரிய தோட்டங்கள் தரம் குறைந்த பழத்தை, வேறு பெயரில் வரும் இரண்டாம் ஒயினுக்கு ஒதுக்கிவிடும் வழக்கமும் உதவுகிறது. அத்தகைய ஆண்டுகளின் ஒயின்கள் மெலிந்தவை, விரைவில் பக்குவமாகிவிடுபவை; விலையும் குறைவு. உணவகத்தில் பத்துப் பதினைந்து வயதுப் போர்தோ ஒன்றை இன்றே குடிக்க வேண்டுமானால், மூடிக்கிடக்கும் 2010ஐ விட எளிய ஆண்டு ஒன்றே உங்களுக்கு மகிழ்ச்சி தரும்.

எவ்வளவு நாள் வைத்திருக்கலாம்? எப்படி வைத்திருக்க வேண்டும்?

முதல் தரத் தோட்டத்தின் சிறந்த ஆண்டு 30 முதல் 50 ஆண்டுகள் வரை வளரும். திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து வந்த, துவர்ப்புத் தரும் டானின்கள் ஒன்றோடொன்று பிணைந்து, நிறமிகளையும் சேர்த்துக்கொண்டு, வண்டலாக அடியில் தங்குகின்றன. அதனால்தான் பழைய ஒயினில் துவர்ப்பு தணிந்து நிறம் செங்கல் பக்கம் திரும்புகிறது. பெரிய பாட்டிலில் ஒயினின் அளவுக்கு உள்ளே நுழையும் காற்று குறைவு என்பதால், ஒன்றரை லிட்டர் பாட்டில் மெதுவாக முதிர்கிறது.

12 அல்லது 13 பாகை செல்சியஸ், இருட்டு, தக்கை காயாத அளவு ஈரப்பதம், அதிர்வின்மை, படுக்கைவாட்டம்: தேவை இவ்வளவுதான். சென்னையிலோ சிங்கப்பூரிலோ அலமாரியில் வைத்த நல்ல போர்தோ ஒன்றிரண்டு கோடைகளிலேயே வெந்துபோகும். ஒயினுக்கென்று தயாரிக்கப்பட்ட குளிர்ப்பெட்டி இல்லையென்றால், விலையுயர்ந்த பாட்டிலை நீண்ட நாள் வைத்திருக்க வேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

பழைய பாட்டிலை எப்படித் திறப்பது?

முந்தைய நாளே பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள். வண்டல் அடியில் இறங்கட்டும். திறக்கும் முன் ஒயின் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பாருங்கள். கழுத்து வரை நின்றால் மகிழ்ச்சி; தோளுக்குக் கீழே இறங்கியிருந்தால் தக்கை தளர்ந்து காற்று நுழைந்திருக்கலாம். நாற்பது வயதுத் தக்கை நனைந்த ரொட்டிபோலப் பொடியும், எனவே திருகாணியை நேராக ஆழமாக இறக்கி மெல்ல இழுக்க வேண்டும். பிறகு ஒரு மெழுகுவத்தியை ஏற்றி, அதன் ஒளி பாட்டிலின் கழுத்தில் விழும்படி பிடித்துக்கொண்டு, கண்ணாடிக் குடுவையில் ஒரே சீராக ஊற்றுங்கள். தெளிந்த செந்நிறத்துக்குப் பின்னால் புகைபோல ஒரு கருங்கோடு கழுத்தை நோக்கி நகர்ந்துவரும். அது தோளைத் தாண்டியதும் கையை நிறுத்திவிடுங்கள். மிகப் பழைய ஒயினைக் குடுவையில் காத்திருக்க வைக்கவேண்டாம், அரை மணி நேரத்தில் அதன் வாசனை கலைந்துவிடலாம்.

போலிப் பாட்டில்களை எப்படித் தவிர்ப்பது?

பெயர்பெற்ற ஆண்டுகள்தான் மிக அதிகமாகப் போலி செய்யப்படுகின்றன. 2008இல் நியூயார்க் ஏலம் ஒன்றில், பர்கண்டியின் பொன்சோ தோட்டப் பெயரோடு குளோ சான் தெனி ஒயின்கள் வந்தன. சீட்டில் இருந்த ஆண்டுகளில் மிகப் பழையது 1945. அந்தத் தோட்டம் அந்த ஒயினைத் தயாரிக்கத் தொடங்கியதே 1980களில்தான். தோட்டத்தின் அப்போதைய தலைவர் லோரான் பொன்சோ ஏலத்துக்கே நேரில் போய் அவற்றை விலக்கவைத்தார். அவற்றை விற்க அனுப்பிய ரூடி குர்னியவானுக்கு 2014இல் 10 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பாட்டில் தோட்டத்து நிலவறையிலிருந்து யார் யார் கைமாறி வந்தது என்பதைக் காட்டும் ஆவணம் இல்லாவிட்டால், 1945ஐயும் 1961ஐயும் வாங்காதீர்கள்.

பருவநிலை மாறிவரும்போது இனி எல்லா ஆண்டும் நல்ல ஆண்டாகிவிடுமா?

பழம் பழுக்காத ஆண்டுகள் குறைந்திருக்கின்றன என்பது உண்மை, 12.5 விழுக்காட்டைச் சுற்றியிருந்த மது அளவு இன்று 14ஐத் தொட்டுவிடுகிறது. ஆனால் வசந்தம் முந்தி வருவதால் தளிரும் முந்துகிறது, அதன் மேல் ஏப்ரல் உறைபனி விழுகிறது. 2017இலும் 2021இலும் அப்படித்தான் நடந்தது. முன்னதாகப் பழுக்கும் மெர்லோ வெப்பத்தில் மிஞ்சிப் பழுப்பதால், தோட்டக்காரர்கள் கபர்னேயைக் கூட்டிவருகிறார்கள். 2021இல் தூரிகா நசியோனல், மார்செலான், கஸ்தேத்ஸ், அரினார்நோவா ஆகிய நான்கு சிவப்புத் திராட்சை வகைகளுக்குப் போர்தோவில் அனுமதி கிடைத்தது. கலவையில் அவை 10 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. 1945இன் தோட்டக்காரர் அஞ்சியது பழம் பழுக்குமா என்று. இன்றைய தோட்டக்காரர் ஆகஸ்டு வெயிலில் இலைகளைக் கிள்ளாமல் விட்டு, கொத்துக்கு நிழல் தேடுகிறார்.